நூறில் மூன்று பங்கு விநாடியும் ஒரு நீச்சலுடையும்

டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆடவர் 4×200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சல் இறுதிப் போட்டி 2021 ஜூலை 28 அன்று நடைபெற்றது. டாம் டீன், ஜேம்ஸ் கை, மேத்யூ ரிச்சர்ட்ஸ், டங்கன் ஸ்காட் ஆகியோரைக் கொண்ட பிரிட்டன் அணி 6 நிமிடம் 58.58 விநாடியில் தங்கம் வென்றது. இரண்டாவதாக வந்த அணி மூன்று விநாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தது. அவ்வளவு பெரிய வெற்றியிலும் ஒன்று மட்டும் கைநழுவியது. அன்றைய உலக சாதனை 6 நிமிடம் 58.55 விநாடி. வித்தியாசம், நூறில் மூன்று பங்கு விநாடி. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

அந்தச் சாதனை 2009 ஜூலை 31 அன்று ரோம் உலகப் போட்டியில் அமெரிக்க அணியால் படைக்கப்பட்டது. ஃபெல்ப்ஸ், பெரன்ஸ், வால்டர்ஸ், லாக்டி ஆகிய நால்வரும் அன்று அணிந்திருந்த வகை உடையை இன்று எந்தச் சர்வதேசப் போட்டியிலும் அணிய முடியாது. அடுத்த ஆண்டின் முதல் நாளிலிருந்தே அவ்வகை உடைகள் தடைசெய்யப்பட்டுவிட்டன. ஆனால், அவற்றின் துணையோடு படைக்கப்பட்ட சாதனைகள் மட்டும் எந்தக் குறிப்பும் இன்றிப் பட்டியலில் நீடிக்கின்றன. டோக்கியோவில் பிரிட்டன் அணி போட்டியிட்டது அருகிலிருந்த தடங்களில் நீந்தியவர்களோடு மட்டுமல்ல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தடைசெய்யப்பட்ட ஓர் உடையோடும்தான்.

2025 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சிங்கப்பூரில் நடந்து முடிந்த உலக நீச்சல் போட்டிக்குப் பிறகும் இந்த நிலை மாறவில்லை. ஆடவர் ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலின் இரு உலக சாதனைகளும் 2008, 2009ஆம் ஆண்டுகளுக்கு உரியவையாகவே இருந்தன. இது வெறும் புள்ளிவிவரச் சுவாரசியம் அல்ல. ஒரு விளையாட்டின் சாதனைப் பட்டியல் எதை அளக்கிறது என்ற அடிப்படைக் கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

பெய்ஜிங்கின் அந்தக் காலை

இரு சாதனைகளில் மூத்தது, 2008 ஆகஸ்டு 11 காலையில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிறந்தது. ஆடவர் 4×100 மீட்டர் இறுதிப் போட்டி அது. கடைசி 100 மீட்டருக்கு அமெரிக்காவின் ஜேசன் லெசாக் குதித்தபோது, பிரான்ஸின் ஆலன் பெர்னார் அவருக்கு முன்னால் சென்றுகொண்டிருந்தார். கடைசித் திருப்பத்துக்குப் பிறகும் அந்த இடைவெளி கடக்கக்கூடியதாகத் தோன்றவில்லை. ஆனால், 32 வயதான லெசாக் தன் பகுதியை 46.06 விநாடியில் நீந்தி முடித்தார். அமெரிக்காவின் நேரம் 3 நிமிடம் 08.24 விநாடி, பிரான்ஸின் நேரம் 3 நிமிடம் 08.32 விநாடி. ஒரே ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வென்ற எட்டுத் தங்கங்களில் ஒன்று, லெசாக்கின் அந்த நூறு மீட்டரால்தான் அவருக்குக் கிடைத்தது.

பலரும் கவனிக்கத் தவறியது, அந்தப் போட்டியின் மற்ற எண்களைத்தான். முந்தைய நாள் தகுதிச் சுற்றில் அமெரிக்காவின் மாற்று அணி 3 நிமிடம் 12.23 விநாடியில் புதிய உலக சாதனை படைத்திருந்தது. இறுதிப் போட்டியில் அந்தச் சாதனையை ஓர் அணி அல்ல, ஐந்து அணிகள் கடந்தன. அதாவது, முந்தைய இரவின் உலக சாதனை நேரத்தை எட்டிய அணிக்கு மறுநாள் காலையில் ஆறாவது இடம்தான் கிடைத்திருக்கும். ஒரே இரவில் ஐந்து நாடுகளின் வீரர்கள் ஒருசேர இவ்வளவு முன்னேறுவது பயிற்சியால் மட்டும் நடப்பதன்று.

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் அறிமுகப்படுத்திய புதிய உடையே அந்த ஆண்டின் பெரும் மாற்றம். அதன் துணியின் உராய்வைச் சோதிக்க அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் காற்றுச் சுரங்கம் பயன்பட்டது. நீர், காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. நீந்துபவரின் வேகம் கூடக் கூட, அவரைப் பின்னுக்கு இழுக்கும் தடை அதைவிட வேகமாகப் பெருகுகிறது. புதிய உடை உடலை இறுக்கிக் குழாய்போல் ஆக்கியது. தையல் மடிப்புகளுக்குப் பதிலாக ஒட்டிணைப்புகள் வந்தன. அதில் பதித்த பாலியூரித்தேன் பட்டைகள் நீரை உறிஞ்சவில்லை. 2009இல் வேறு நிறுவனங்கள் முழுவதும் பாலியூரித்தேனாலேயே ஆன உடைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அவை உடலை நீரில் சற்று உயர்த்தி மிதக்கவே வைத்தன. களைத்த உடல் நீரில் தாழத் தொடங்கும் கடைசி மீட்டர்களில் அந்த உதவியின் மதிப்பு மிகப் பெரிது.

விளைவு, ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இயான் தோர்ப் 2002இல் படைத்த சாதனையை ஜெர்மனியின் பால் பீடர்மான் நூறில் ஒரு பங்கு விநாடியில் முறியடித்தார். 200 மீட்டரில் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்து அவருடைய உலக சாதனையையும் பறித்தார். இத்தகைய உடைகளை உடனே தடைசெய்யாவிட்டால் ஃபெல்ப்ஸ் சர்வதேசப் போட்டிகளில் பங்கேற்க மாட்டார் என்று அவருடைய பயிற்சியாளர் பாப் பௌமன் எச்சரித்தார். முந்தைய ஆண்டு இதே போட்டியில் அனைவருக்கும் முன்பாகப் புதுமையின் பலனைப் பெற்ற அணியின் பயிற்சியாளரே அடுத்த ஆண்டு அதற்கு எதிராகப் பேச நேர்ந்தது, ஆயுதப் போட்டிகளின் இயல்பை நினைவூட்டுகிறது.

தனிநபர் சாதனை வீழ்கிறது. அணிச் சாதனை ஏன் நிற்கிறது?

உடைகள் நீங்கிய பிறகு, அக்காலச் சாதனைகள் தலைமுறைக்கும் நிற்கும் என்று பலர் அஞ்சினர். அந்த அச்சம் பாதிதான் மெய்யானது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பிரேசிலின் சேசர் சியெலோ ரோமில் படைத்த 46.91 விநாடியை, 2022இல் ருமேனியாவின் டேவிட் போபோவிச் 46.86 விநாடியில் கடந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஷான்லெ அதனை 46.40 விநாடியாகக் குறைத்தார். அதே ஒலிம்பிக்கின் கலப்புப் பாணித் தொடர் நீச்சலில் கடைசி வீரராக அவர் 45.92 விநாடியில் நீந்தினார், லெசாக்கின் 46.06 விநாடியும் அன்று பின்னுக்குப் போனது. பீடர்மானின் 400 மீட்டர் சாதனையை 2025 ஏப்ரலில் அவருடைய நாட்டவரான லூக்காஸ் மார்ட்டென்ஸ் முறியடித்தார்.

அப்படியிருந்தும் 4×100 மீட்டர் சாதனை அசையவில்லை. காரணம், தொடர் நீச்சலின் அமைப்பிலேயே இருக்கிறது. தனிநபர் சாதனையை முறியடிக்க உலகின் ஏதோ ஒரு மூலையில் ஓர் அபூர்வத் திறமையாளர் பிறந்தால் போதும். அணிச் சாதனைக்கு அத்தகைய நால்வர் ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே நாளில் உச்சத்தில் இருக்க வேண்டும். போபோவிச் ருமேனியாவில் இருக்கிறார். அவருக்கு இணையான மூவர் அங்கே இல்லை. இன்றைய திறமை நாடுகளெங்கும் சிதறிக் கிடக்கிறது. அன்றைய உடையோ நான்கு வீரர்களுக்கும் ஒருசேர உதவியது. ஒருவருக்குக் கிடைத்த சலுகை அணிக்கு நான்கு மடங்காயிற்று.

மகளிர் பிரிவு இதற்கு நல்ல எதிர்ச்சான்று. ரோமில் நெதர்லாந்து மகளிர் படைத்த 4×100 மீட்டர் சாதனை 2014இலேயே ஆஸ்திரேலியாவிடம் வீழ்ந்தது. 2023 ஃபுகுவோகா உலகப் போட்டியில் அதே ஆஸ்திரேலியா அதனை 3 நிமிடம் 27.96 விநாடிக்குக் கொண்டுவந்தது. தலைசிறந்த நால்வரை ஒரு நாடு தொடர்ந்து உருவாக்க முடிந்தால் சாதனை நகரும் என்பதற்கு இது சான்று. இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய விதிப்படி பெண்கள் தோள் முதல் முழங்கால் வரை துணியுடை அணியலாம். ஆண்களுக்கோ இடுப்பு முதல் முழங்கால் வரை மட்டுமே அனுமதி. தடையால் ஆண்கள் இழந்த பரப்பு அதிகம்.

ஆனாலும், எல்லாப் பெருமையையும் உடைக்கே கொடுத்துவிட முடியாது. சிங்கப்பூரில் 4×100 மீட்டர் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய அணியின் நேரம் 3 நிமிடம் 08.97 விநாடி. டோக்கியோவில் அமெரிக்கா வென்ற நேரமும் சரியாக அதுவே. நான்கு ஆண்டு இடைவெளியில் இரு நாடுகளும் ஒரே சுவரில் முட்டி நின்றன. சாதனைக்கு இருவரும் 0.73 விநாடி தொலைவு. சிங்கப்பூர் அணியையும் பெய்ஜிங் அணியையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இரண்டாவது வீரர்கள்: 47.04, 47.02. மூன்றாவது வீரர்கள்: 47.63, 47.65. நடுப்பகுதியில் இரு அணிகளும் சமம். முதல் வீரரிடம் 0.26 விநாடி வேறுபாடு. மீதமுள்ள 0.47 விநாடி முழுவதும் கைல் சால்மர்ஸுக்கும் லெசாக்குக்கும் இடையிலானது.

அப்படியானால், நிற்பது உடையின் சாதனையா, லெசாக் என்ற மனிதரின் சாதனையா? இரண்டும்தான். அன்று இரண்டாவதாக வந்த பிரான்ஸின் 3 நிமிடம் 08.32 விநாடியைக்கூட துணியுடை அணிந்த எந்த அணியும் சிங்கப்பூர் வரை எட்டியதில்லை என்பது உடையின் பங்கைச் சொல்கிறது. அதே உடைகள் நிறைந்த போட்டியில் லெசாக் மட்டும் பெர்னாரைவிட 0.67 விநாடி விரைவாக நீந்தினார் என்பது மனிதரின் பங்கைச் சொல்கிறது. எது எவ்வளவு என்று இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உடை இழைத்த உண்மையான அநீதி இதுவே. பின்னால் வந்தவர்களுக்கு எட்டாத இலக்கை வைத்தது மட்டுமல்ல அதன் குற்றம்; அன்று உண்மையிலேயே அசாத்தியமானதைச் செய்தவரின் பெயரருகேயும் நிரந்தரமான ஒரு சந்தேகத்தை அது எழுதிவிட்டது.

நிர்வாகத்தின் பாதித் தீர்வு

வேகத்துக்கோ மிதப்புக்கோ உதவும் சாதனங்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது நீச்சலின் பழைய விதி. அந்த விதி கையில் இருந்தும், அப்போது ஃபினா என்று அழைக்கப்பட்ட உலக நீச்சல் கூட்டமைப்பு 2008இல் புதிய உடைக்கு அனுமதி அளித்தது. வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்திருந்த கூட்டமைப்புகள் தவித்தன. உள்நாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் கொண்டிருந்த ஜப்பான், கடைசியில் தன் வீரர்கள் ஸ்பீடோ உடையை அணிய அனுமதிக்க வேண்டியதாயிற்று. இத்தாலியப் பயிற்சியாளர் ஆல்பெர்த்தோ காஸ்தஞெத்தி இதனைத் தொழில்நுட்ப ஊக்கமருந்து என்று சாடினார். 2009இல் சில உடைகளை நிராகரிப்பதும் பிறகு அனுமதிப்பதுமாகத் தடுமாறிய கூட்டமைப்பு, ரோம் போட்டியின்போது கூடிய மாநாட்டில்தான் தடைக்கு முடிவெடுத்தது. 2010 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால், இடைப்பட்ட சாதனைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு அது தந்த பதில், அவை அப்படியே இருக்கட்டும் என்பதே.

மற்ற விளையாட்டுகள் இத்தகைய தருணங்களை வேறுவிதமாகக் கையாண்டுள்ளன. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்த பிறகு, ஈட்டியின் எடைமையத்தை மாற்றிய தடகளக் கூட்டமைப்பு, 1986 முதல் ஆடவர் சாதனைப் பட்டியலைப் புதிதாகத் தொடங்கியது. ஹோனின் எறிதல் அழிக்கப்படவில்லை; பழைய ஈட்டிக்குரிய பக்கத்தில் அது பெருமையோடு இருக்கிறது. சர்வதேச சைக்கிள் ஓட்டக் கூட்டமைப்பும் ஒரு மணி நேரச் சாதனையில் புதுவகைச் சைக்கிள்களின் பலனை 2000இல் தனிப் பட்டியலுக்கு மாற்றியது. காற்றின் உதவி விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் ஓட்டத்தில் வெற்றி செல்லும், சாதனை செல்லாது. கிரிக்கெட்டில் மட்டையின் விளிம்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2017இல் வரம்பு விதிக்கப்பட்டதும் இதே கவலையால்தான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. எல்லாத் தொழில்நுட்பமும் உதவிதானே? லண்டன் ஒலிம்பிக் முதல் குதிமேடையின் பின்புறம் சாய்தளம் வந்துவிட்டது. பெய்ஜிங்கில் அது இல்லை. அலையை அடக்கும் தடக்கயிறுகள், ஆழமான குளங்கள் எல்லாமே நேரத்தைக் குறைப்பவை. பெய்ஜிங் குளத்தின் ஆழம் 3 மீட்டர். பாரிஸ் குளம் ஏறத்தாழ 2.2 மீட்டர் ஆழமே கொண்டது என்பதால் அதன் வேகம் குறித்து விவாதம் எழுந்தது. எல்லாவற்றையும் தனிப் பட்டியலாக்கினால் ஆண்டுக்கொரு பட்டியல் வேண்டியிருக்கும் என்பது அவ்வாதம்.

ஆனால், குதிமேடையும் குளமும் எட்டுத் தடங்களுக்கும் பொது. அவற்றை எவரும் ஒப்பந்தத்தால் வாங்கி அணிய முடியாது. மேலும், விளையாட்டே ஏற்றுக்கொண்டு தொடரும் மாற்றத்துக்கும், தவறு என்று தானே தீர்ப்பளித்து விலக்கிய மாற்றத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் பழைய சாதனையாளருக்கு இழப்பு இருந்தாலும் எதிர்காலத்துக்கு வழி திறந்திருக்கிறது. பின்னதில் வழியை அடைத்துவிட்டு, அடைத்த கதவுக்கு அப்பாலிருக்கும் இலக்கைத் தொடச் சொல்கிறோம்.

வெற்றி வேறு, சாதனை வேறு

இவ்விவாதத்தில் இரண்டைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். வெற்றி என்பது அன்று அந்த நீரில் இருந்தவர்களுக்கு இடையிலான வழக்கு. பெய்ஜிங்கில் பெர்னாரும் அக்காலத்து உடையில்தான் நீந்தினார். லெசாக்கின் அணி வென்ற தங்கத்தில் ஒரு துளி மாசும் இல்லை. சாதனை என்பது அங்கே இல்லாதவர்களோடு நடக்கும் போட்டி. இன்று நீந்துபவர் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் நீந்தியவரோடு பொருதுகிறார். அந்தப் போட்டிக்கு நடுவர் இல்லை, அருகருகே தடங்கள் இல்லை. சமமான நிபந்தனை ஒன்றே அதற்கு ஆதாரம். அந்த ஆதாரம் போனால் சாதனை என்ற சொல்லே பொருளிழக்கிறது.

நேரத்தை நூறில் ஒரு பங்கு வரை அளக்கும் விளையாட்டு இது. தொடர் நீச்சலில் முன்னவர் சுவரைத் தொடுவதற்கு 0.03 விநாடிக்கு மேல் முந்தி அடுத்தவரின் கால் மேடையை விட்டு எழுந்துவிட்டால், அணியே தகுதி இழக்கும். அத்தனை நுட்பமாகக் காலைக் கண்காணிக்கும் அமைப்பு, பிரிட்டன் நால்வர் அதே 0.03 விநாடியில் தவறவிட்ட சாதனையின் பின்னிருந்த உடையைக் கணக்கில் கொள்ளவில்லை. அந்த நால்வரே பாரிஸில் மீண்டும் தங்கம் வென்றனர். ஆனால், நேரம் 6 நிமிடம் 59.43 விநாடி. சிங்கப்பூரில் பிரிட்டன் வென்ற நேரம் 6 நிமிடம் 59.84 விநாடி. டோக்கியோ வாய்ப்பு திரும்ப வரவில்லை.

இந்தத் தெளிவின்மையின் விலை இப்போது கூடியிருக்கிறது. ஊக்கமருந்தை வெளிப்படையாக அனுமதிக்கும் 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' என்ற தனியார் போட்டியை 2026 மே மாதம் லாஸ் வேகாஸில் நடத்தப்போவதாக அதன் அமைப்பாளர்கள் அறிவித்தனர். அதற்கு முன்னோட்டமாக, கிரீஸ் வீரர் கிறிஸ்டியன் கோலோமெயெவ் 2025 பிப்ரவரியில் 50 மீட்டரை 20.89 விநாடியில் நீந்தினார் என்று காட்டி, பத்து லட்சம் டாலர் பரிசும் வழங்கினர். முறியடித்ததாக அவர்கள் கொண்டாடிய இலக்கு, சியெலோ 2009இல் படைத்த 20.91 விநாடி. அவர் அணிந்ததும் தடைசெய்யப்பட்ட வகை உடையே. மருந்தும் உடையும் சேர்ந்து கொடுத்த ஆதாயம் நூறில் இரண்டு பங்கு விநாடி!

உலக நீச்சல் கூட்டமைப்பு 2025 ஜூனில் இத்தகைய போட்டிகளில் பங்கேற்போரையும் துணைநிற்போரையும் விலக்கும் விதியைக் கொண்டுவந்தது. அது சரியான முடிவே. ஆனால், தடைசெய்த உடையின் சாதனைகளைத் தன் பட்டியலிலேயே வைத்திருக்கும் அமைப்பு, அதே உடையை அணிந்து வருபவரிடம் இது சாதனை அல்ல என்று சொல்லும்போது குரல் தாழத்தான் செய்யும். அந்தத் தனியார் போட்டி அறிவித்த நீச்சல் பிரிவுகள் 50, 100 மீட்டர் தனிநபர் போட்டிகளே என்பதும் கவனிக்கத்தக்கது. ஓர் உடலை விலைக்கு வாங்கலாம். ஒரு நாட்டின் குளங்களும் பயிற்சியாளர்களும் பல்லாண்டு முயன்று உருவாக்கும் நால்வரை அப்படி வாங்கிவிட முடியாது. அந்த வகையில், தொடர் நீச்சல்தான் இந்த விளையாட்டின் கூட்டு உழைப்புக்கு எஞ்சியிருக்கும் நேர்மையான அளவுகோல். அந்த அளவுகோலே வளைந்திருப்பது கூடாது.

தீர்வு கடினமானதன்று. 2008 பிப்ரவரி முதல் 2009 இறுதி வரையிலான சாதனைகளை அழிக்க வேண்டியதில்லை. அழிப்பது அந்நாளைய விதிக்கு உட்பட்டு நீந்தியவர்களுக்கு இழைக்கும் அநீதி. அவற்றைத் தனித் தலைப்பின்கீழ் வைத்துவிட்டு, 2010க்குப் பிந்தைய துணியுடைக் காலத்துக்கெனச் சாதனைப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினால் போதும். 4×200 மீட்டரில் பிரிட்டனின் டோக்கியோ நேரமும், 4×100 மீட்டரில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பகிர்ந்துகொள்ளும் 3 நிமிடம் 08.97 விநாடியும் தமக்குரிய இடத்தைப் பெறும். 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பீடர்மானும், 800 மீட்டரில் சீனாவின் ஜாங் லின்னும் வைத்திருக்கும் சாதனைகளுக்கும், 200 மீட்டர் பட்டாம்பூச்சிப் பாணியில் கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ் சிங்கப்பூரில் 0.18 விநாடியில் தவறவிட்ட சீன வீராங்கனை லியூ ட்சிகேவின் சாதனைக்கும் இதுவே பொருந்தும்.

காலம் செல்லச் செல்ல அந்தச் சாதனைகள் தாமாகவே வீழும், பிரச்சினையும் தீரும் என்று காத்திருப்பது நிர்வாகங்களுக்கு எளிது. ஆனால், ஒரு நீச்சல் வீரரின் உச்சக்காலம் சில ஆண்டுகளே. 2010இல் பயிற்சியைத் தொடங்கிய சிறுவர்களில் பலர் இதற்குள் ஓய்வே பெற்றிருப்பார்கள். அவர்களுடைய காலத்தின் மிகச் சிறந்த அணி எது என்ற கேள்விக்கு, அவர்கள் நீந்திய விதிகளின்படியே பதில் சொல்லும் கடமை கூட்டமைப்புக்கு உண்டு.